டப்பாவின் மேல் பானுப்ரியா

தூத்துக்குடி
10-2-2025

பானுப்ரியாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. அதனால் வெறும் பேரோடு நிறுத்திவிட்டேன். போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. உன் வீட்டுக்காரருக்கு அடித்தால், "ரெஸ்ட்ல இருக்காக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறார். அப்படி என்ன ரெஸ்ட்? அதனால்தான் பதிவுத் தபால். நீ கையெழுத்துப் போட்டு வாங்கின அட்டை எனக்குத் திரும்பி வரும். பிறகு 'கிடைக்கவில்லை மதினி' என்று நீ சொல்ல முடியாது.

ஊக்கமருந்துப் பரிசோதனையில் நீ மாட்டிக்கொண்டாய் என்று போன மாதம் செய்தி வந்தபோது, இந்தத் தெருவில் உனக்காகச் சண்டை போட்டது யார்? நான்தான். பக்கத்துக் கடை பாஸ்கல் அண்ணனிடம், "எங்க வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்யாது, வாயை அடக்கிப் பேசுங்க" என்று கத்தினேன். அதே பாஸ்கல் அண்ணன் முந்தாநாள் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். டிவிக்காரனிடம் நீ பேசுகிறாய். 'பிள்ளை பிறந்தபோது எங்கள் குடும்பத்தில் கொடுத்த நாட்டு லேகியத்தை இன்னமும் சாப்பிடுகிறேன், அதில் என்ன கலந்திருந்தது என்று எனக்குத் தெரியாது' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாய். விசாரணைக் குழுவிலும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறாயாம்.

உனக்கா தெரியாது? உன் பேறுகாலத்தில் என் அடுப்படியில் உட்கார்ந்து, நான் கிண்டுவதைப் பார்த்துக்கொண்டே சுடச்சுட வழித்துத் தின்றவள் நீ. சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், பூண்டு, உடன்குடிக் கருப்பட்டி, நல்லெண்ணெய். இதைத் தவிர ஒரு தூசி கிடையாது. பச்சை உடம்புக்காரிகள் சாப்பிடுவது. அவர்கள் தின்பது பாலோடு சேர்ந்து பிள்ளைக்குப் போகும் என்று, அடுப்படியில் உப்பு டப்பாவைக்கூடப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடைக்கு வந்து நான் விற்கிற லேகிய டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனார். வாங்கினவர்கள் பாதி தின்ற டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நேற்று ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்து, பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டி, "இந்தத் தடிப்பைப் பாருங்க, உங்க மருந்துதான்" என்று நடுக்கடையில் அழுதாள். அது வெறும் வேர்க்குரு. அவளுக்கும் டப்பாக் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

இதையெல்லாம் தாங்கிவிடுவேன். உன் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? துறைமுகத்திலிருந்து வந்தவர் டிரெய்லர் சாவியை மேசையில் போட்டுவிட்டு, "ஏளா, எந் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா. அதுல நீ என்னத்தக் கலந்த?" என்று கேட்டார். கட்டின பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டார். அன்றிலிருந்து நான் போட்ட சோற்றைத் தொடவில்லை. வண்டியிலேயே படுத்துக்கொள்கிறார்.

அது பொய் என்று உன் வாயால் சொல். வேறு எதுவும் வேண்டாம்.

முத்துக்கனி


பெங்களூரு
19-2-2025

அன்புள்ள மதினிக்கு,

போனில் எதையும் பேசக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எடுக்கவில்லை. என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.

நான் எங்கேயும் உங்கள் பேரைச் சொல்லவில்லை. கடைப் பேரையும் சொல்லவில்லை. குடும்பத்தில் கொடுத்த மருந்து என்றுதான் சொன்னேன். அது நீங்கள்தான் என்று ஊருக்கு எப்படித் தெரிந்தது? டப்பாவின் மேல் என் படத்தை நீங்கள் ஒட்டியிருந்ததால்தானே? கையில் தேசியக்கொடியோடு நான் ஓடுகிற படம், கீழே 'பானுப்ரியா சாப்பிட்ட பிரசவ லேகியம்'. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஒரு ஷூ கம்பெனி என் படத்தைப் போட வேண்டுமானால் எழுதிக் கையெழுத்து வாங்குகிறது. சொந்த மதினி கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு அலமாரியில் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் வக்கீலுக்கே இந்த யோசனை வந்தது.

தெரியாமல் உடம்பில் சேர்ந்தது என்று குழு ஏற்றுக்கொண்டால் தடை குறையும். இல்லையென்றால் நான்கு வருஷம். எனக்கு இருபத்தொன்பது ஆகிறது மதினி. நான்கு வருஷம் கழித்து யார் ஓடுவது? மொத்தச் சந்தையில் வாங்குகிற சரக்கில் என்னென்ன கலந்து வருகிறதோ, அதற்கு நீங்களே உத்தரவாதம் கொடுக்க முடியுமா?

ஊர் கொதிக்கிறது என்கிறீர்கள். கொதிக்கட்டும். நான் யாருக்கும் முன்மாதிரியாக இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் என் படத்தை வரையச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் ஓடினேன், அவ்வளவுதான். பல் பிடுங்குகிற டாக்டரிடம் போய், என் பிள்ளைகளுக்கு நீங்கள் முன்மாதிரியா என்று யாராவது கேட்கிறார்களா? கால் வேகமாக ஓடினால் மனசும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அண்ணனிடம் நான் பேசுகிறேன்.

பானு


தூத்துக்குடி
25-2-2025

பானுப்ரியா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

சரி, படத்தைக் கேட்காமல்தான் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு நீ என்ன செய்தாய்? கடையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாய். "நல்லா இருக்கு மதினி, நான் கொஞ்சம் குண்டா தெரியுதேன்" என்று சொல்லிவிட்டு, பெங்களூர்த் தோழிகளுக்கு என்று ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனாய். அன்றைக்கு வாயைத் திறக்காதவளுக்கு இன்றைக்குக் கம்பெனிச் சட்டம் பேச வருகிறது. லேபிளையெல்லாம் நேற்றே கிழித்து எரித்துவிட்டேன். உன் முகம் என் கடையில் ஒரு மூலையிலும் இல்லை.

யாரும் உன்னை முன்மாதிரியாக இருக்கச் சொல்லவில்லையா? போன வருஷம் மெடலோடு வந்து, திறந்த ஜீப்பில் பழைய துறைமுகத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை போனது யார்? மேடையில் மைக்கைப் பிடித்து, "தங்கச்சிகளா, எல்லாரும் என்னை மாதிரி வரணும்" என்று சொன்னது யார்? மாலை விழும்போது கழுத்தை நீட்டிவிட்டு, கேள்வி வரும்போது மட்டும் 'நான் வெறும் ஓட்டக்காரி' என்றால் எப்படி? இரண்டில் ஒன்றைச் சொல்.

டாக்டரைச் சொன்னாய். உன் அண்ணனையே எடுத்துக்கொள். ஒரு சொட்டுக் குடித்துவிட்டு வந்தால் துறைமுக கேட்டிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர் படத்தை எந்தச் சுவரிலும் யாரும் வரையவில்லை. அவருக்கு யாரும் மாலை போடவில்லை. ஆனாலும் நாணயமாகத்தான் வண்டி ஓட்டுகிறார். நாணயமாக இருக்க முன்மாதிரிப் பட்டம் ஒன்றும் தேவையில்லை ஏளா. உன்னைச் சாமியாக இருக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என்னைப் பேயாக்காதே என்றுதான் கேட்கிறேன்.

ஆய்வுக்கூட அறிக்கை வந்துவிட்டது. என் லேகியத்தில் ஒன்றும் இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறேன். ஒருத்தர் நின்று படிக்க வேண்டுமே! உன் அண்ணனிடம் காட்டினால், "காசு குடுத்தா என்ன ரிப்போர்ட்டும் வரும்" என்கிறார். அரசாங்கத்து முத்திரையை நம்பவில்லை, பத்து வருஷம் கூட வாழ்ந்தவளை நம்பவில்லை. உன்னை நம்புகிறார். ஏன் தெரியுமா? நீ பொய் சொன்னாய் என்றால் அவருக்குத் தலை நிமிர்ந்து நடக்க வழியில்லை. நான் விஷம் வைத்தவள் என்றால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் குறையாது. ஊருக்கும் அதே கணக்குத்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல். அதை நீ தெரிந்து சாப்பிட்டாயா, இல்லையா?

முத்துக்கனி


பெங்களூரு
6-3-2025

மதினி,

தெரிந்துதான்.

சாப்பிடவில்லை, ஊசி. பிள்ளை பிறந்த பிறகு எனக்குப் பழைய கால் திரும்பி வரவில்லை. முட்டி வீங்கிக்கொண்டே இருந்தது. முதல் போட்டியில் கடைசியாக வந்தேன். ஷூ கம்பெனி அந்த வாரமே பேச்சைக் குறைத்தது. ஷாம் என்று ஒரு பயிற்சியாளர், 'எல்லாரும் போடுவதுதான், ஒரு சீசன் போடு, பிறகு விட்டுவிடு' என்றார். ஒரு சீசன் இரண்டாயிற்று. தங்கம் வந்தது. நான் யாரிடம் போய்ச் சொல்ல?

உங்களுக்குக் கோபம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பில் அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு ஓடியபோது இதே ஊர்க்காரர்கள் என்ன பேசினார்கள்? "மந்திரமூர்த்தி தங்கச்சி தொடையைக் காட்டிட்டு ஓடுதா" என்று டீக்கடையில் சிரித்தவர்கள்தானே ஜீப்புக்கு முன்னால் வெடி போட்டார்கள்? எனக்கு முட்டி வலித்தபோது ஒரு நாய் வந்து கேட்கவில்லை. தங்கம் வந்ததும் எல்லாருக்கும் நான் பிள்ளை. தோற்றால் அசிங்கம், ஜெயித்தால் தெய்வம், நடுவில் ஒரு மனுஷியாக இருக்க இவர்கள் எனக்கு இடமே வைக்கவில்லை மதினி. இவர்களுக்கு நான் எதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்?

ஆனால் பள்ளிக்கூட மைதானத்துப் பிள்ளைகள் வேறு. உங்களுக்கே தெரியும், என்னைக் காட்டித்தான் அவர்கள் அப்பாக்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். நான் ஏமாற்றினேன் என்று தெரிந்தால் மறுநாளே ஒவ்வொருத்தியையும் வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள். 'பாத்தியா, ஓட்டம் ஓட்டம்னு போனவ கதிய' என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவாவது கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் எல்லாவற்றையும் மறந்துவிடும். கடைக்கு வேறு பேர் வையுங்கள்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பானு


தூத்துக்குடி
14-3-2025

பானு,

உண்மையைச் சொன்னாய். அதற்காகக் கோபத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, 'பானு' என்று ஆரம்பித்திருக்கிறேன். முட்டி வலியை நானும் கேட்கவில்லைதான். கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் 'பிள்ளைகளுக்காக' என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்தபோதுதான் கடையில் ஒரு ஆள் வந்து நின்றார். அதைக் கேள்.

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர், செல்வதுரை என்று பேர். மகள் ஈவாஞ்சலின் ஒன்பதாம் வகுப்பு, நானூறு மீட்டர் ஓடுகிறாளாம். வாங்க வந்த ஆள் மாதிரியே தெரியவில்லை. கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே வந்தார்.

"யக்கா, அந்த லேகியம் இருக்கா?"

திருப்பிக் கொடுக்காமல் வாங்க வருகிற ஆளைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். "வீட்டுல யாருக்குப் பேறுகாலம் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பேறுகாலத்துக்கு இல்லக்கா. எம் பிள்ள ஓடுதா. பானுவுக்குக் குடுத்தீயள்லா, அது. அதே கலவை." குரலை இறக்கிக்கொண்டார். "டெஸ்ட்டு கிஸ்ட்டு எல்லாம் பெரிய போட்டிலதானாம். மாவட்டத்துக்கு ஒண்ணும் கெடையாதாம்."

அதில் ஒன்றுமில்லை, கருப்பட்டியும் சுக்கும்தான், வாசலில் அறிக்கை மாட்டியிருக்கிறது பாருங்கள் என்றேன். அந்த ஆள் சிரித்தார். "புரியுதுக்கா. வெளிய சொல்ல மாட்டேன். உங்களுக்கும் தொந்தரவுலா" என்று சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். கையில் கிண்டுகிற துடுப்பு இருந்தது. "இனிமே இந்தப் படியில கால வச்சீயன்னா நடக்கது வேற!" என்று ஓங்கிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தன் மகனுக்கு, ஒருத்தி மகளுக்கு.

பார்த்தாயா? பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள் என்று நீ பயந்தாய். இவர்கள் இழுக்கவில்லை, தள்ளுகிறார்கள். நீ பொய் சொன்னாலும் அவர்களுக்குக் கேட்பது ஒன்றுதான்: பானு எதையோ தின்றாள், தங்கம் வாங்கினாள். எதைத் தின்றாள் என்பது மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும். நான் துரத்தினால் நாளைக்கே உன் ஷாம் மாதிரி ஒருத்தனைத் தேடிப் போவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஊசி போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. போட்டுக்கொண்டவளுக்குத் தெரியும்.

உன் கடிதத்தை நான் யாரிடமும் காட்ட மாட்டேன். உன் அண்ணன் காலடியில் போட்டால் என் சண்டை இன்றைக்கே தீரும். அது எனக்கு வேண்டாம். உன் எழுத்தைக் காட்டி என் மானத்தை நான் வாங்கிக்கொண்டால் அது பாதி மானம்தான். நீ வாயைத் திறந்து சொல்.

முத்துக்கனி


பெங்களூரு
2-4-2025

மதினி,

மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். குழு முன்னால் ஊசியைச் சொல்லிவிட்டேன், ஷாம் பேரையும் சொன்னேன். நான்கு வருஷம். வக்கீல் எழுந்து போய்விட்டார். தமிழில் ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் மதினி லேகியத்தில் ஒன்றுமில்லை, நான் சொன்னது பொய் என்று அதில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

ஈவாஞ்சலின் என்ற பிள்ளையின் பேரை எழுதினீர்களே, அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அந்த ஊசிக்குப் பிறகு என் உடம்பு என்னென்ன பட்டது என்று உங்களுக்கு எழுத முடியாது. நேரில்தான் சொல்ல முடியும்.

வீடியோ அங்கே வந்ததா? அண்ணன் பார்த்தாரா? வீட்டில் சாப்பிடுகிறாரா? அதை மட்டும் எழுதுங்கள்.

பானு


தூத்துக்குடி
9-4-2025

அன்புள்ள பானு,

வந்தது. எல்லாரும் பார்த்தார்கள். கடைக்கடையாக, போன்போனாக ஓடியது. நான் கடவுளே என்று உட்கார்ந்து அழுதேன்.

ஒருத்தரும் நம்பவில்லை.

சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன். "மதினி கடையக் காப்பாத்த பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டா, என்ன மனசு பாத்தீயளா" என்கிறார்கள். பாஸ்கல் அண்ணன் என்னிடமே வந்து, "இதுக்கு மேலயும் அந்தப் பிள்ளைய நீ கஷ்டப்படுத்தாத" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். உன் அண்ணன் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடித்துவிட்டு என்ன சொன்னார்? "போதுமாளா ஒனக்கு? எந் தங்கச்சியோட நாலு வருசத்தத் தின்னுட்டியே." பஸ் நிறுத்தத்தில் புது பேனர் வைத்திருக்கிறார்கள். 'தியாகத் தங்கமே' என்று கொட்டை எழுத்து. உன் படத்துக்குக் கீழே வரிசையாக மீசைகள், அதில் உன் அண்ணன் மீசையும் ஒன்று.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அந்த பேனரை இழுத்துக் கிழித்திருப்பேன். நீ பொய் சொன்னாய், நம்பினார்கள். உண்மையைச் சொல்கிறாய், அதையும் உன் பெருமையாக்கிவிட்டார்கள். உன்னைத் திட்டக்கூட இவர்களுக்கு மனசு வரவில்லையே ஏளா. கெட்டவளாக இருக்கக்கூட உன்னை விட மாட்டேன் என்கிறார்கள். உன் மேல் இருந்த கோபம் எனக்கு இப்போது இவர்கள் மேல் திரும்பிவிட்டது.

நம்பியது ஒரே ஒரு ஆள்தான். நேற்று பள்ளிக்கூடம் விட்டு, யூனிபாரத்தோடு ஒரு பிள்ளை கடைக்கு வந்தாள். கால் ரெண்டும் குச்சி மாதிரி. அந்தச் செல்வதுரை மகள்தான். அப்பாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"யக்கா, பானுக்கா சொன்னது நெசந்தானே?" என்றாள்.

"நெசந்தான்" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் மாட்டின அறிக்கையைப் படித்தாள், முழுசாக. இந்த ஊரில் அதைப் படித்த முதல் ஆள் அவள்தான். பிறகு என்னிடம் கேட்டாள். "அப்போ ஊசி போடாம பானுக்கா எவ்வளவு வேகமா ஓடுவாவ?"

இத்தனை பேர் உன்னைப் பற்றி இத்தனை நாள் பேசுகிறோம், இதை ஒருத்தரும் கேட்கவில்லையே என்று இருந்தது. "அவகிட்டயே கேட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லி அனுப்பினேன். அதனால் கேட்கிறேன். என்ன சொல்ல?

உன் அண்ணன் இன்னும் வண்டியில்தான் படுக்கிறார்.

மதினி


பெங்களூரு
15-4-2025

அன்புள்ள மதினிக்கு,

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மாலை கொண்டுவந்தால் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன் என்றேன். அவர் எதிரில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். வீடியோவில் சொன்னதை நம்பாத மனுஷன், ஊசி போட்டுத் தடித்துப்போன இடத்தைத் தொட்டுப் பார்த்தால் நம்புகிறாரா பார்க்கலாம். நம்பாவிட்டால் கிளம்ப மாட்டேன். அந்த பேனரை நானே கழற்றுகிறேன்.

ஈவாஞ்சலினுக்கு என்ன பதில் எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் ஓடிய கால் இப்போது இல்லை. பிறந்த பிறகு ஜெயித்த ஒவ்வொரு ஓட்டத்திலும் ஊசி இருந்தது. அந்த மெடலைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் என்னுடையது எவ்வளவு என்று பார்த்தேன். எனக்கே தெரியாது மதினி.

அவளை ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். அவள் அப்பாவும் வந்து நிற்கட்டும். நான் ஓடுகிறேன். நேரத்தை அவளே பார்க்கட்டும்.

பானு